சக்கரத்தில் திடீர் கிரீஸ்: துடைக்கும் அவசரத்தில் நடக்கும் தவறுகள்

கார் சக்கர ரிம்மின் உள்பக்கம் கரும்பசை அப்பியிருப்பதைப் பார்த்ததும் கை தானாகத் துணியைத் தேடும். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. கிரீஸ் எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டியதல்ல. சுழலும் பாகம் ஏதோ ஒன்று அதை விசிறியடித்திருக்கிறது, இல்லையென்றால் மேலேயிருந்து ஒழுகியிருக்கிறது. அந்தக் கறை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் தடயம். அதைத் துடைத்துவிட்டால், மறுபடி கறை படியும்வரை வண்டியை ஓட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். கிரீஸை அடைத்துவைத்திருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால், அதற்குள் மணலும் தண்ணீரும் உள்ளே போய்விடும்.

ஆகவே முதலில் போன் கேமராவை எடுங்கள். ரிம்மின் வெளிப்பக்கம், உள்பக்கம், டயரின் உள்சுவர், பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), சக்கரத்துக்கு மேலே நிற்கும் ஷாக் அப்சார்பர் என ஐந்து இடங்களையும் படம் பிடித்துவைத்தால் போதும்.

அடுத்த தவறு, வழுவழுப்பாக இருப்பதெல்லாம் கிரீஸ்தான் என்று முடிவுகட்டுவது. வெள்ளை டிஷ்யூ பேப்பரில் கொஞ்சம் ஒற்றியெடுத்துப் பாருங்கள். கெட்டியாக, கருப்பாக, வெளிச்சத்தில் லேசாகப் பளபளத்து, விரலில் ஒட்டினால் விடாமல் இருந்தால் அது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) சி.வி. ஜாயின்ட்டில், அதாவது தண்டு வளைந்தபடியே சுழல உதவும் மூட்டில், போடும் மாலிப்டினம் கலந்த கிரீஸ். தண்ணீர் மாதிரி மெல்லியதாகப் பேப்பரில் பரவினால் எண்ணெயோ பிரேக் ஆயிலோ. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். ஒரு சொட்டு விட்டால் எண்ணெய் மேலே மிதந்து கண்ணாடி மாதிரிப் படரும். வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். அழுகிய முட்டை வாடை தூக்கலாக அடித்தால் அது கியர் ஆயில். ஷாக் அப்சார்பரின் உடம்பு நெடுக ஈரமும் அதன்மேல் தூசியும் படிந்திருந்தால் அதன் சீல் போய்விட்டது. சமீபத்தில் டயருக்குப் பாலிஷ் பூசியிருந்து, சக்கரத்துக்குப் பின்னால் பாடியின் பக்கவாட்டில் பொடிப்பொடியாகத் துளிகள் தெறித்திருந்தால் அநேகமாகப் பயப்பட ஒன்றுமில்லை. அது காய்வதற்குள் வண்டியை எடுத்திருப்பீர்கள்.

கரைந்தது பிரேக் ஆயில் என்றால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். வண்டியை நகர்த்தாமல் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதா என்றும் மிதித்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துப்போகச் சொல்லுங்கள். பெயின்ட்டில் பட்டிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்தெடுத்துவிடும்.

முன்சக்கரத்தின் உள்பக்கத்தில் வட்டமாகக் கிரீஸ் தெறித்திருந்தால், பெரும்பாலும் வெளிப்பக்க சி.வி. பூட்தான் (சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) காரணமாக இருக்கும். சக்கரம் நேராக நிற்கும்போது குனிந்து பார்த்துவிட்டு ‘பூட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுந்துவிடுவது சகஜமாக நடக்கும் தவறு. அந்த ரப்பர் அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். விரிசல் மடிப்பின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பினால்தான் அந்தப் பள்ளம் வாய் திறக்கும். டார்ச் அடித்து விரலால் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பாருங்கள், பிறகு சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி மறுபடி பாருங்கள். ரப்பர் முழுசாக இருந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பட்டையின் ஓரத்தில் மட்டும் ஈரக்கோடு தெரிந்தால் கிளாம்ப்தான் தளர்ந்திருக்கிறது. கிரீஸ் ரிம்மில் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கமாகவோ சைலன்ஸர் குழாய்மேலோ தெறித்திருந்தால் தண்டின் மறுமுனையில் கியர்பாக்ஸை ஒட்டியிருக்கும் உள்பக்க சி.வி. பூட்டைப் பாருங்கள்.

சமீபத்தில்தான் சர்வீஸ் நடந்தது என்றால் இன்னொரு சாத்தியம் உண்டு. காலிப்பரைத் தாங்கும் பின்னிலோ, சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பிலோ கைநிறைய அள்ளிப் பூசிய கிரீஸின் மிச்சம் சூட்டில் இளகி வெளியே வந்திருக்கலாம். புது டிஸ்க்கின்மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்காமலேயே மாட்டியிருக்கலாம்.

பின்சக்கர பிரேக் டிரம்முக்குள்ளிருந்து கசிந்தால், பிரேக் ஆயில் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். இரு பின்சக்கரத்தையும் ஒரே கூடாக இணைக்கும் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் ஆக்ஸில் ஆயில் சீலையும் பார்க்க வேண்டும். சீலை மாற்றிய சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கசிகிறதா? மறுபடி சீல் வாங்குவதற்கு முன் ஆக்ஸில் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலின் மேலே உள்ள சிறிய காற்றுத் துளையைப் பாருங்கள். அது சேறு அடைத்துப்போனால், ஓட ஓடச் சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயையும் வெளியேற்றும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

ஜாக்கியில் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே தலையை நுழைக்காதீர்கள். சமதரை, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கியோடு ஸ்டாண்டும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

இனி சுத்தம் செய்வது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றையும் தள்ளிவையுங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் கிரீஸைக் கரைக்கும்தான், ஆனால் பின்னாலேயே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அது டிஸ்க்கில் வழிந்தால் பிரேக் போச்சு. ரப்பர் பூட்டில் ஊறினால் ரப்பர் உப்பிவிடும். பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அமிலம் கலந்த வீல் கிளீனர் அலாய் ரிம்மின் மேல்பூச்சைத் தின்றுவிடும். கிரீஸுக்கு அமிலத்தால் பெரிய பயனும் இல்லை.

சக்கரத்தைக் கழற்றி, ரிம் ஆறிய பிறகு தொடங்குங்கள். கட்டியாக இருப்பதை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ வழித்தெடுத்துப் பழைய பேப்பரில் மடித்துவிடுங்கள். இரும்பு ஸ்குரூ டிரைவர் வேண்டாம். இப்படி வழிக்காமல் நேரடியாகத் தண்ணீர் பீச்சினால் ஒரு கை அகலத்தில் இருந்த கறை ரிம் முழுக்கப் பரவும். பிறகு தண்ணீரில் கரையும் டிகிரீசரை (கிரீஸ் நீக்கும் திரவம்) டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து தெளித்து, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் கலவையைக் கடுமையாக்காமல் இன்னொரு முறை செய்யுங்கள். டயருக்குக் கார் ஷாம்புவே போதும்.

உள்பக்கம் தேய்க்கும்போது ரிம்மில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னச் சதுர ஈயத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ கிரீஸ் கட்டி என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். அவை பேலன்ஸிங் எடைகள். ஒன்று போனாலும் 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கும். அப்பியிருக்கும் கிரீஸ் கட்டியே அதே ஆட்டத்தைத் தரும் என்பதும் உண்மைதான், அதனால் கழுவிய பிறகு ஆட்டம் நின்றாலும் வியக்க வேண்டாம்.

டிஸ்க்கையும் காலிப்பரையும் டிகிரீசரால் துடைக்காமல் பிரேக் கிளீனரால் துடையுங்கள். சூடான டிஸ்க்கில் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மிகையான சூட்டில் நச்சுவாயுவாக மாறும். பூட், பெயின்ட் அடித்த ரிம் ஆகியவற்றின்மேல் நேராகப் பீச்சாமல் துணியில் நனைத்துப் பயன்படுத்துங்கள். டிஸ்க் சுத்தமாகிவிடும், பிரேக் பேட் சுத்தமாகாது. அதன் பொருளுக்குள் ஊறிய கிரீஸைத் தீயில் காட்டினாலும், மணல்தாளால் தேய்த்தாலும், அடுத்த முறை சூடேறும்போது மேலே வந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி ஒருபுறமாக இழுக்கும். கிரீஸ் ஊறிய பேட்டைத் தூக்கியெறிந்துவிட்டு அந்த ஆக்ஸிலின் இரண்டு பக்கத்துக்கும் புதிதாகப் போடுங்கள்.

பூட் கிழிந்ததுதான் காரணம் என்றால், பழைய கிரீஸின்மேல் புதுப் பூட்டை இழுத்து மாட்டுவது வேலையைச் சுருக்கும் குறுக்குவழி. பழைய கிரீஸில் கொஞ்சம் எடுத்து இரு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் இருந்தாலோ, முழுத்திருப்பத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தாலோ ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. அதை மாற்றுவதுதான் சரி. மணல் இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஜாயின்ட்டை முழுக்கக் கழுவிக் காயவைத்து, பூட் கிட்டில் வரும் கிரீஸ் பாக்கெட்டை மிச்சமில்லாமல் போடுங்கள், பாதியை ஜாயின்ட்டுக்குள்ளும் மீதியைப் பூட்டுக்குள்ளும். கைக்குக் கிடைத்த சாதா கிரீஸைக் கலக்காதீர்கள். கிளாம்ப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டை கட்டினால் அது சூட்டில் தளர்ந்து, சில வாரத்தில் ரிம் மறுபடி கறுக்கும். நடு ஆக்ஸில் நட்டைத் தளர்த்திய நிலையில் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் பேரிங் கெட்டுப்போகும்.

மாட்டும்போது வீல் நட், போல்ட் மரைகளில் கிரீஸ் மிச்சமில்லாமல் துடையுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள மரையில் அதே அளவு முறுக்கு அதிக இழுவிசையாக மாறி போல்ட்டை நீட்டிவிடும். முறுக்க வேண்டிய அளவு பல கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். நட்டுகளைக் குறுக்குமறுக்காக முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) வைத்து மறுபடி பாருங்கள். அப்போதே முதலில் படம் பிடித்த அதே ஐந்து இடத்திலும் வெள்ளை டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள்.