கோணல் ஸ்ட்ராபெர்ரி சரியானது எப்படி: என் அனுபவம்

தளி பக்கம் நிழல்வலைக்குள் ஸ்ட்ராபெர்ரி போட்டிருக்கிறோம். முதல் வருடம் பாதிப் பழம் அடியில் சப்பிப்போய்க் கோணலாக வந்தது. மண்ணில் போரான் என்ற நுண்சத்து குறை என்று நினைத்து அதைத் தெளித்தேன், பலனில்லை. அப்புறம் ஒருநாள் காலை பூக்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு பூவின் நடுமேட்டில் நூற்றுக்கும் மேல் சூலகங்கள் (விதையாக மாறும் நுண்ணிய பகுதிகள்) உண்டு. மகரந்தம் சேராத சூலகத்தைச் சுற்றிச் சதை பெருக்காது. வலைக்குள் நுழைந்த ஒன்றிரண்டு அடுக்குத் தேனீக்கள் (தேனுக்கு வளர்க்கும் நாட்டுத் தேனீக்கள்) மேட்டின் உச்சியில்தான் உட்கார்ந்தன. கொட்டாத கொசுத்தேனீயோ சின்ன உடம்பு. இதழோரம் இறங்கி மேட்டின் அடியைச் சுற்றி நடக்கும். பழம் உருண்டு திரள இரண்டு வகைத் தேனீயும் வேண்டும்.

இரண்டு கொசுத்தேனீப் பெட்டிகள் வைத்தேன். காலையில் ஓரத்து வலையைச் சுருட்டி, அடுக்குத் தேனீக்கும் வழிவிட்டேன். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்தை அறவே நிறுத்தினேன். இப்போது கூடைக்கு ஒரு கைப்பிடிதான் கோணல்.