ஃபோர் வீல் வண்டியில டிரான்ஸ்ஃபர் கேஸை எப்படிப் பாத்துக்கறது, மக்கர் பண்ணா எங்க தேடுறது

எஞ்சின் ஆயில் எப்ப மாத்துனோம்னு கேட்டா எல்லாரும் டக்குனு சொல்லுவாங்க, ஆனா வண்டிக்கு அடியில நடுவுல தொங்கிட்டு இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்கன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க, சில பேருக்கு அதுக்குன்னு தனியா ஆயில் இருக்குன்றதே தெரியாது. கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற இழுவையை முன்னாடி அச்சுக்கும் பின்னாடி அச்சுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி அது. நல்லாப் பாத்துக்கிட்டா எஞ்சினை விட அதிக நாள் உழைக்கும். கெட்டுப்போனா பெரும்பாலும் மூணே காரணம்தான்: ஆயில் இல்லாம ஓடுனது, உள்ள தண்ணி போனது, காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டுனது. இந்த மூணுமே நம்ம கையில இருக்கிற விஷயம், அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

முதல்ல தார் ரோடு விஷயம். மாருதி ஜிப்சி, மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய மஹிந்திரா ஜீப் எல்லாமே பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது. லிவரை ஃபோர் ஹெச்ல (நாலு சக்கரமும் இழுக்கிற சாதாரண வேக நிலை) போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல சுத்தும்படி பூட்டிக்கும். வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் போகணும், மண்ணு சகதின்னா டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தை சரி பண்ணிக்கும், ஆனா காஞ்ச தார்ல வழுக்காது, அதனால அந்த முறுக்கு அப்படியே ஷாஃப்ட், அதோட மூட்டுல இருக்கிற கிராஸ், பெட்டிக்குள்ள இருக்கிற செயின் பல்லுன்னு எல்லாத்துலயும் ஏறி நிக்கும். ஸ்டியரிங் கனமாயிடும், வண்டி பிரேக் புடிச்ச மாதிரி இழுக்கும், அப்புறம் லிவரை பின் சக்கரம் மட்டும் இழுக்கிற டூ ஹெச்சுக்கு இழுத்தா வராது. அந்த நேரத்துல லிவரை முரட்டுத்தனமா இழுக்காதீங்க, உள்ள பல்லை நகர்த்துற ஃபோர்க் வளைஞ்சிடும். ரிவர்ஸ் போட்டு நேரா நாலஞ்சு அடி பின்னாடி வாங்க, முறுக்கு விட்டதும் லிவர் தானா லேசாகும். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானம், சரியான காத்து இருக்கணும்னு சொல்றதும் இதுக்குத்தான், முன்னாடி ரெண்டு புது டயர் பின்னாடி ரெண்டு வழுக்கை டயர்னு போட்டா நேர் ரோட்டுலயே முறுக்கு ஏறும்.

போடுற முறையும் முக்கியம். ஃபோர் ஹெச்சை பெரும்பாலான வண்டியில மெதுவா நேரா ஓடும்போதே போடலாம், எந்த வேகம் வரைக்கும்னு உங்க வண்டி புத்தகத்துல இருக்கும். மெதுவா, அதிக இழுவையோட போற ஃபோர் எல் (லோ) போடணும்னா வண்டியை நிறுத்தி, கிளச்சை முழுசா மிதிச்சு, கியரை நியூட்ரல்ல வெச்சுட்டுத்தான் போடணும். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப் டிரைவருங்களைக் கவனிச்சுப் பாருங்க, ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நின்னு லிவரைப் போட்டுக்குவாங்க, பாதி ஏத்தத்துல திணறும்போது போடுற வேலையே கிடையாது. ஃபோர் எல் போடும்போது பல்லு இடிச்சுக்கிட்டு உள்ள போகலன்னா, கிளச்சை ஒரு தடவை விட்டு மறுபடி மிதிச்சுட்டுப் போடுங்க, ஏறிடும்.

இன்னொண்ணு, மாசத்துல ஒரு நாளாவது மண் ரோடு பாத்து பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஃபோர் ஹெச்ல ஓட்டுங்க. வருஷம் முழுக்க டூ ஹெச்லயே ஓடுற வண்டியில முன் ஷாஃப்ட் பக்கத்து ஆயில் சீல் காஞ்சு போகும், லிவர் லிங்க் துரு புடிச்சு இறுகிடும், தேவைப்படுற அன்னிக்குப் பாத்து லிவர் நகராது.

இப்ப ஆயில். ஒரு மழைக்காலத்துல நான் ஜிப்சியில ஒரு காட்டாறு கடந்தேன், தண்ணி முழங்காலுக்கு மேல, நாப்பது கிலோமீட்டர் நிக்காம மலை இறங்கி வந்த சூட்டோட நேரா உள்ள விட்டுட்டேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மூணு வாரம் கழிச்சு சும்மா லெவல் பாக்கலாம்னு ப்ளக்கைக் கழட்டுனா வெளிய வந்தது ஆயில் இல்ல, அச்சு அசலா பால் ஊத்துன காபி கலர், விரல்ல தொட்டா வழவழப்பே இல்லாம நுரை மாதிரி. காரணம் ரொம்ப எளிசு. சூடா இருக்கிற பெட்டி சில்லுனு தண்ணியில முங்கும்போது உள்ள இருக்கிற காத்து சுருங்கும், சுருங்குனா வெளிய இருந்து எதையாவது உறிஞ்சும், பெட்டி மூச்சு விடுற காத்து ஓட்டையான ப்ரீதர் தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியைத்தான் உறிஞ்சும். நான் செஞ்சிருக்க வேண்டியது ரெண்டு: ஆத்துக்கு முன்னாடி கால் மணி நேரம் நிறுத்தி சூடு ஆற விட்டிருக்கணும், வீட்டுக்கு வந்த மறுநாளே ப்ளக்கைத் திறந்து பாத்திருக்கணும். மூணு வாரத்துல ஒரு பேரிங் துரு புள்ளி விழுந்து ஊஊன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. இப்ப ப்ரீதருக்கு ஒரு நீள ஹோஸ் மாட்டி எஞ்சின் ரூம்ல மேல ஏர் ஃபில்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியிருக்கேன், அதிகச் செலவு இல்லாத வேலை, தண்ணியில இறங்குற ஒவ்வொரு வண்டிக்கும் இதை செஞ்சே ஆகணும்.

ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டி சூடு பண்ணுங்க, சமதளத்துல நிறுத்துங்க, டயருக்குக் கட்டை போடுங்க. ப்ளக்கை சுத்தி இருக்கிற மண்ணை வயர் பிரஷ்ல தேச்சு சுத்தம் பண்ணுங்க, இல்லன்னா அந்த மண்ணு நேரா உள்ளதான் போகும். அடுத்தது ரொம்ப முக்கியம்: முதல்ல மேல இருக்கிற ஃபில் ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க, அது கழண்டு வந்த பிறகுதான் கீழ ட்ரெயின் ப்ளக்குல கை வைக்கணும். இருந்த ஆயிலை எல்லாம் வடிச்சு விட்டுட்டு, மேல ப்ளக் துரு புடிச்சு கழள மாட்டேங்குதுன்னு தெரிஞ்சா வண்டி அங்கயே நின்னுடும். இறுகி இருந்தா முந்தின நாள் ராத்திரியே துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, சரியான சைஸ் ஸ்பானர் இல்லாம முனையை மழுக்கிடாதீங்க.

வடிக்கிற ஆயிலை வெள்ளை நிற தட்டுல புடிங்க, அப்பத்தான் பாக்க முடியும். கறுப்பா இருந்தா வயசாயிடுச்சு, அவ்வளவுதான். கருகின வாடை வந்தா ஆயில் கம்மியா ஓடியிருக்கு. பால் கலர்னா தண்ணி. ட்ரெயின் ப்ளக்குல காந்தம் இருந்தா அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருக்கும், ரெண்டு விரல்ல தேச்சுப் பாருங்க, மாவு மாதிரி இருந்தா சாதாரண தேய்மானம், பயப்பட வேண்டாம். நகக்கண்ணுல குத்துற மாதிரி துணுக்கோ, உடைஞ்ச பல்லு முனையோ இருந்தா புது ஆயில் ஊத்தி மறைக்க முடியாது, பெட்டியைத் திறந்தே ஆகணும். தண்ணி கலந்திருந்தா ஒரு தடவை மாத்துனா போதாது, புது ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி வடிங்க, கலர் சுத்தமா வர்ற வரைக்கும்.

என்ன ஆயில்னு கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, வண்டி புத்தகத்தைப் பாருங்க. ஜிப்சி மாதிரி முழுக்க கியர் பல்லால ஓடுற பெட்டிக்கு கியர் ஆயில், செயின் வெச்ச பெட்டிகள்ல பலதுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்துற மெல்லிசு ஏடிஎஃப். நண்பர் ஒருத்தர் வண்டி செயின் பெட்டி, ஒரு பட்டறையில எல்லாத்துக்கும் ஊத்துற கனமான கியர் ஆயிலையே அதுலயும் ஊத்திட்டாங்க, கொடைக்கானல் குளிர்ல காலையில லிவர் அசையவே மாட்டேன்னுச்சு, ரெண்டு தடவை வடிச்சு சரியான ஆயில் ஊத்தின பிறகுதான் பழையபடி ஆச்சு. அளவும் கொஞ்சம்தான், ஜிப்சி பெட்டிக்கு 0.8 லிட்டர், அதனால 100 மில்லி ஒழுகுனாலே பெரிய இழப்பு. ஃபில் ப்ளக் ஓட்டை வழியா லேசா வழியிற வரைக்கும் ஊத்துங்க, வழியிறது நின்னதும் புது வாஷர் போட்டு மூடுங்க. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்றது புத்தகத்துல இருக்கு, மலையும் சகதியும்தான் பொழப்புன்னா அதுல பாதியிலயே மாத்திடுங்க. ஆறு கடந்தா கிலோமீட்டர் கணக்கே கிடையாது, உடனே பாக்கணும்.

இனி மக்கர் பண்ணும்போது எங்க தேடுறது. என் அனுபவத்துல பாதி கேஸ் பெட்டிக்கு வெளியவே முடிஞ்சிரும், ஆனா பட்டறைக்குப் போனா முதல்லயே இறக்கிடலாம்னு சொல்லிடுவாங்க.

ஆயில் ஒழுகுதா, சீல் மாத்துறதுக்கு முன்னாடி ப்ரீதரை ஊதிப் பாருங்க. அது சேறு அடைச்சிருந்தா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாவே ஆயிலைத் தள்ளும், புது சீல் போட்டாலும் ஒரு மாசத்துல மறுபடி ஒழுகும். ப்ரீதர் சரியா இருந்தும் ஒழுகுனா சீலைக் கழட்டும்போது கப்ளிங்ல சீல் உதடு உரசுற இடத்தை விரலால தடவுங்க, பள்ளம் தட்டுனா சீல் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல. பழைய ஜீப்ல ஹேண்ட் பிரேக் டிரம்மே டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி இருக்கும், அங்க சீல் ஒழுகுனா ஆயில் நேரா பிரேக் லைனிங்ல இறங்கி ஹேண்ட் பிரேக் புடிக்காது, அதை அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கிறதுல அர்த்தமில்ல.

லோ போட்டு ஏத்தத்துல இழுக்கும்போது லிவர் தானா கழண்டு வருதா, முதல்ல பெட்டியைத் தாங்குற ரப்பர் மவுண்ட்டைப் பாருங்க. ஜிப்சியில பெட்டி தனியா சேஸிஸ்ல மூணு ரப்பர் மேலதான் நிக்குது, ஒண்ணு கிழிஞ்சா இழுவையில பெட்டி திரும்பும், லிவர் தரையில இருக்கிற ஓட்டையில இடிச்சு வெளிய தள்ளிக்கும். கடப்பாறை மாதிரி ஒரு கம்பியைக் குடுத்து நெம்பிப் பாத்தா தெரிஞ்சிரும். அப்புறம் லிவர் பூட்ஸ், கால்மிதி எதுவும் தடுக்குதான்னு பாருங்க, லிங்க் புஷ் ஆட்டம் பாருங்க, அடுத்தது லிவரை இடத்துல புடிச்சு வைக்கிற ஸ்பிரிங்கும் குண்டும், பல பெட்டியில வெளிய ஒரு போல்ட்டைக் கழட்டுனாலே கைக்கு வந்திரும். இதெல்லாம் சரியா இருந்தாதான் உள்ள ஃபோர்க், பல்லு முனை தேஞ்சிருக்குன்னு முடிவு பண்ணணும்.

ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கலன்னா இப்படிப் பண்ணுங்க. எஞ்சின் ஆஃப், கியர்ல விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, முன் சக்கரத்தை அச்சோட பூட்டுற ஹப் லாக் இருந்தா ரெண்டையும் பூட்டி, ஃபோர் ஹெச் போட்டுட்டு ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வெச்சுத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. கையால சுத்துங்க. சுத்தலன்னா எல்லாம் சரியாப் பூட்டியிருக்கு. சுத்துச்சுன்னா கூட ஒரு ஆளை விட்டு முன் ஷாஃப்ட்டைப் பாக்கச் சொல்லுங்க, சக்கரம் சுத்துது ஷாஃப்ட் நிக்குதுன்னா கோளாறு ஹப்புலயோ அச்சுலயோதான், பெட்டி மேல தப்பில்ல. ஷாஃப்ட்டும் சேந்து சுத்துனா பெட்டிக்குள்ள ஃபோர் வீல் விழல. பட்டன் வெச்ச வண்டின்னா அதுக்கும் முன்னாடி ஃபியூஸ், ஷிஃப்ட் மோட்டார் கனெக்டர் ரெண்டையும் பாருங்க, கனெக்டர்ல தண்ணி ஏறி பச்சை புடிச்சிருக்கிறது அடிக்கடி நடக்கிறது, மீட்டர்ல லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கும்.

சத்தம்னா, வண்டியை நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரல்ல வெச்சுட்டு கியர்பாக்ஸை மூணாவது கியர்ல போட்டு கிளச்சை விடுங்க. வண்டி நகராது, ஆனா பெட்டியோட இன்புட் பக்கம் சுத்தும். இப்பவும் அதே சத்தம் வந்தா கியர்பாக்ஸோ இன்புட் பக்கத்து பேரிங்கோ. சத்தம் இல்லன்னா அவுட்புட் பக்கம், ஷாஃப்ட், அச்சு. ஃபோர் வீல்ல இழுவை குடுக்கும்போது மட்டும் கடகடன்னு அடிச்சு, சில சமயம் சுத்தியலால அடிச்ச மாதிரி டமார்னு ஒரு சத்தம் வந்தா செயின் நீண்டு பல்லு தாண்டுது, அதோட ஓட்டாதீங்க, பெட்டி ஓடே உடையும். ஓட ஓட அதிர்வு மட்டும் வந்தா பெட்டியைத் தொடாதீங்க, பெரும்பாலும் ஷாஃப்ட் கிராஸ்தான் போயிருக்கும், ஜிப்சியில கியர்பாக்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற குட்டி ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் அடிக்க நிறைய பேர் மறந்துடுறாங்க.

இந்த நியூட்ரல் விஷயத்துல ஒண்ணு, தயவுசெஞ்சு மறக்காதீங்க. டிரான்ஸ்ஃபர் லிவர் நியூட்ரல்ல இருந்தா கியர்ல போட்டு நிறுத்துனாலும், ஆட்டோமேட்டிக் வண்டியை பார்க்ல வெச்சாலும் ஹேண்ட் பிரேக்கைத் தவிர சக்கரத்தைப் புடிக்க எதுவும் கிடையாது, சரிவுல வண்டி அப்படியே உருளும். வண்டிக்கு அடியில படுக்கும்போது லிவர் எங்க இருக்குன்னு கையால தொட்டுப் பாத்துட்டு, நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டுட்டுப் படுங்க.

கடைசியில பெட்டியை இறக்கியே ஆகணும்னு ஆயிடுச்சுன்னா, பேரிங், சீல், கேஸ்கட் எல்லாம் ஒரே நேரத்துல மாத்திடுங்க, ஏன்னா இறக்குற கூலி ஒண்ணுதான், விட்டு வெச்ச பழைய சீலுக்காக மறுபடி இறக்கணும். செயின் இருந்தா செயினோட சேத்து ரெண்டு பல்சக்கரமும். இடைவெளியைச் சரி பண்ற மெல்லிசுத் தகடான பழைய ஷிம், வாஷர் எந்தப் பக்கம் எத்தனை இருந்துச்சுன்னு கழட்டும்போதே போட்டோ எடுத்து வைங்க, மெக்கானிக் வேற ஆளா இருந்தாலும் நீங்க கூட நின்னு எடுங்க. மாட்டி முடிச்சு முதல் 500 கிலோமீட்டர் ஓடுனதும் ஆயிலை வடிச்சுப் பாருங்க, காந்தத்துல வெறும் மாவுதான் இருந்தா புது ஆயில் ஊத்தி மூடிக்கலாம்.