ஆங்கிலத்தில் கோலனும் செமிகோலனும்: எங்கே எதைப் போடுவது?

ஆங்கிலத்தில் எழுதப் பழகும்போது கமாவும் ஃபுல் ஸ்டாப்பும் எப்படியோ கைக்கு வந்துவிடும். கோலனும் (:) செமிகோலனும் (;) வரும் இடத்தில்தான் தயக்கம். "கொஞ்சம் நிறுத்தினால் கமா, இன்னும் கொஞ்சம் நிறுத்தினால் செமிகோலன்" என்று மூச்சை வைத்துச் சொல்லித் தருவார்கள். அதை மறந்துவிடுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் இதை முடிவு செய்வது வாக்கிய அமைப்புதான்.

உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். குறி எங்கே விழுகிறது என்று பாருங்கள், போதும்.

படி 1: முழு வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. "தி ரெய்ன் ஸ்டாப்ட்" என்பது முழு வாக்கியம். "பிகாஸ் தி ரெய்ன் ஸ்டாப்ட்" முழு வாக்கியம் இல்லை. எழுவாயும் வினையும் இருந்தாலும், "பிகாஸ்" அதை அந்தரத்தில் தொங்கவிடுகிறது. "ஆல்தோ", "வென்", "இஃப்" ஆகியவையும் இப்படித்தான். சந்தேகம் வந்தால் கடைசியில் ஒரு ஃபுல் ஸ்டாப் வைத்துத் தனியாகப் படித்துப் பாருங்கள். நிற்கிறதா? சரி, முழு வாக்கியம்.

படி 2: செமிகோலனுக்கு இரண்டு பக்கமும் முழு வாக்கியம் வேண்டும்

"தி ரெய்ன் ஸ்டாப்ட்; வீ வென்ட் அவுட்."

இங்கே வெறும் கமா போட்டால் பிழை. கமா ஸ்ப்ளைஸ் என்பார்கள். ஃபுல் ஸ்டாப் போட்டால் பிழையில்லை. அப்புறம் செமிகோலன் எதற்கு? இரண்டு வாக்கியங்களும் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன, பிரிக்க மனமில்லை என்னும்போது மட்டும். "தி ரெய்ன் ஸ்டாப்ட்; மை பிரதர் இஸ் எ டீச்சர்" என்று எழுதினால் இலக்கணம் மன்னிக்கும், படிப்பவர் மன்னிக்க மாட்டார்.

நடுவில் "அண்ட்", "பட்", "ஸோ" வந்தால் பொதுவாகக் கமாவே போதும். செமிகோலனுக்குப் பிறகு சிறிய எழுத்தில் தொடங்குங்கள். "ஐ" என்ற சொல்லும் பெயர்களும் மட்டும் விதிவிலக்கு.

படி 3: "ஹவ்எவர்" வந்தால் கவனம்

"பட்" போலவே பொருள் தருவதால் பலரும் "ஹவ்எவர்" முன்னாலும் கமா போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கு இரண்டு வாக்கியங்களை இணைக்கும் பலம் கிடையாது. முன்னால் செமிகோலன், பின்னால் கமா:

"தி எக்ஸாம் வாஸ் ஹார்ட்; ஹவ்எவர், ஷீ பாஸ்ட்."

"தேர்ஃபோர்", "மோர்ஓவர்" ஆகியவற்றுக்கும் இதே கதைதான். அதற்காக "ஹவ்எவர்" கண்ட இடத்திலெல்லாம் செமிகோலன் போட வேண்டாம். "தி எக்ஸாம், ஹவ்எவர், வாஸ் ஹார்ட்" என்பதில் இரண்டு கமாக்கள்தான் சரி. "தி எக்ஸாம்" தனியாக நிற்காதே!

படி 4: கோலனுக்கு இடப்பக்கம் மட்டும் முழுமையாக இருந்தால் போதும்

வலப்பக்கம் ஒரு சொல், ஒரு பட்டியல், ஒரு முழு வாக்கியம் எதுவும் வரலாம்.

"ஐ நீட் த்ரீ திங்ஸ்: எ பென், எ நோட்புக் அண்ட் எ ரூலர்."

"ஷீ மேட் எ டிசிஷன்: ஷீ வுட் ரிசைன்."

அதிகம் பேர் தவறுவது இங்கேதான்: "ஐ நீட்: எ பென், எ நோட்புக்..." இது தவறு. "ஐ நீட்" என்பது பாதியில் நிற்கிறது. "ஆர்", "இன்க்லூட்", "சச் ஆஸ்" ஆகியவற்றை அடுத்தும் கோலன் வேண்டாம்.

இரண்டு பக்கமும் முழு வாக்கியமாக இருந்தால் எதைப் போடுவது? குறி இருக்கும் இடத்தில் மனதுக்குள் "அதாவது" என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் கோலன், இல்லாவிட்டால் செமிகோலன். முடிவெடுத்தாள், அதாவது ராஜினாமா செய்வாள்: பொருந்துகிறது. மழை நின்றது, அதாவது வெளியே போனோம்: பொருந்தவில்லை.

கோலனுக்குப் பிறகு பெரிய எழுத்தா? பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் சிறிய எழுத்து. அமெரிக்காவில் ஏபிஏ, சிகாகோ என்று எழுத்து நடைக் கையேடுகள் உண்டு. ஏபிஏ நடை முழு வாக்கியம் வந்தால் பெரிய எழுத்து கேட்கும். சிகாகோ நடை 2024-இன் புதிய பதிப்புக்கு முன்புவரை ஒற்றை வாக்கியத்துக்குச் சிறிய எழுத்தே போதும் என்றது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் எழுதுங்கள். இரண்டு குறிகளுக்கும் முன்னால் இடைவெளி விடாதீர்கள்.

படி 5: கமா நிறைந்த பட்டியல்

"வீ விசிட்டட் பாரிஸ், பிரான்ஸ்; ரோம், இத்தாலி; அண்ட் டோக்கியோ, ஜப்பான்."

எல்லாவற்றுக்கும் கமா போட்டால் எது எதோடு சேரும் என்று தெரியாது. இரண்டு பக்கமும் முழு வாக்கியம் வேண்டும் என்ற விதி செமிகோலனுக்கு இங்கே மட்டும் தளர்கிறது.

இப்போது நீங்கள் போட்டுப் பாருங்கள்:

1. ஹீ ஹாஸ் ஒன் ஹாபி __ ரீடிங்.
2. ஆல்தோ ஷீ வாஸ் டயர்ட் __ ஷீ கெப்ட் வொர்க்கிங்.
3. மை ஃபேவரிட் கலர்ஸ் ஆர் __ ரெட், ப்ளூ அண்ட் க்ரீன்.
4. ஐ கால்ட் ஹிம் __ ஹீ டிட் நாட் ஆன்சர்.

விடைகள்: முதலாவதில் கோலன். இரண்டாவதில் கமா, "ஆல்தோ" இருப்பதால். மூன்றாவதில் எதுவுமே வேண்டாம். நான்காவதில் செமிகோலன்.