ஆற்றங்கரைச் சாலையில் கேரவன் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரவன், அதாவது படுக்கை, சமையல் வசதியோடு கட்டிய வண்டி, எடுத்துக்கொண்டு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வருகிறவர்கள் பலரும் ஒரே நினைப்போடு வருகிறார்கள். மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது, கடல் வரைக்கும் சமதளம், இங்கே என்ன பயம்? நான்கு வழிச் சாலையில் இருக்கிற வரைக்கும் அது சரிதான். அதை விட்டு இறங்கி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஏதாவது ஓர் ஆற்றை ஒட்டிய ஊர்ச் சாலையைப் பிடித்ததும் நிலைமை வேறு. ஒரு பக்கம் கீழே ஆறு, இன்னொரு பக்கம் கீழே வயல், நடுவில் கரை மேல் ஒற்றைத் தார்ச் சாலை. மலையிலாவது ஒரு பக்கம் பாறை இருக்கும், அதை ஒட்டி ஒதுங்கலாம். இங்கே இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புச் சுவரும் பல இடங்களில் இருக்காது. சமதளம்தானே என்று அலட்சியமாக வருவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

அகலக் கணக்கைப் பாருங்கள். ஒற்றை வழிச் சாலைக்கு வகுத்திருக்கிற தார் அகலம் 3.75 மீட்டர். கிராமச் சாலைகளில் பலவும் 3 மீட்டர்தான். டிராவலர் வேனில் கட்டிய கேரவனே பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் 2 மீட்டரைத் தாண்டும், பஸ் சேசிஸில், அதாவது பஸ்ஸின் அடிச்சட்டத்தில், கட்டியதென்றால் 2.5 மீட்டர் வரும். எதிரில் ஒரு மினி பஸ் வந்தால் இரண்டும் தாரிலேயே நின்று கடக்க வழியில்லை, யாராவது ஒருவர் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். விபத்து நடப்பது அந்த நொடியில்தான். கார் ஓட்டிய பழக்கத்தில் சட்டென்று ஓரம் இறக்கிவிடுகிறார்கள். ஓரத்து மண் புல் மூடிக் கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் அது ஆற்று வண்டல், உள்ளே நண்டு வளையும் எலி வளையும் ஓடியிருக்கும், ஆற்றில் தண்ணீர் போகும் நாட்களில் கரை உள்ளுக்குள் ஊறிப்போயிருக்கும். பைக் போகும், மாட்டு வண்டி போகும். நான்கு டன் வண்டியின் பின் சக்கரம் ஏறினால் பொசுக்கென்று உள்வாங்கிவிடும்.

கேரவனுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. கூரையில் ஏசி, சோலார் பலகை, உள்ளே மேல் அலமாரி நிறையப் பாத்திரம் என்று எடையில் ஒரு பங்கு தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் அரை அடி இறங்கினால் வண்டியின் உச்சி முக்கால் அடிக்கு மேல் வெளியே சாய்கிறது, சாயச் சாய அந்தப் பக்கச் சக்கரத்தின் மேல் சுமை கூடி இன்னும் புதைகிறது. இதை ஸ்டியரிங்கை ஒடித்து மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கியதை உணர்ந்த உடனே நின்றுவிட வேண்டும்.

சரி, எதிரில் வண்டி வந்தால் என்னதான் செய்வது? தூரத்தில் தெரியும்போதே முடிவெடுங்கள். கரைச் சாலையில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை அகலமான இடம் வரும்: மதகு இருக்கிற இடம், பஸ் நிறுத்தம், படித்துறைக்கு எதிர்ப்புறம், நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். ஓட்டும்போதே கடைசியாகக் கடந்த அகலமான இடத்தை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். எதிர் வண்டி தெரிந்ததும் அடுத்த அகலம் கிட்டே இருந்தால் அங்கே போய் நில்லுங்கள், இல்லையென்றால் பின்னால் எடுங்கள். பாதி வழி வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று போனால் இரண்டு வண்டியும் ஒடுக்கமான இடத்தில்தான் மூக்கோடு மூக்கு நிற்கும். உங்கள் இடப்பக்கம் ஆறு என்றால் எந்தக் காரணத்துக்கும் தாரை விட்டு இறங்காதீர்கள். வயல் பக்கம்தான் இறங்கியாக வேண்டும் என்றாலும் ஒருவர் கீழே இறங்கிக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்க்கட்டும், குழி விழுந்தால் அங்கே சக்கரம் வேண்டாம். தினமும் அந்த வழியில் ஓட்டுகிற டவுன் பஸ் டிரைவருக்கு எந்த இடத்தில் மண் தாங்கும் என்பது தெரியும். அவர் கையைக் காட்டி "அண்ணே, அப்படியே நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றால் அப்படியே நில்லுங்கள். அவரே ஒதுங்கிக்கொள்வார்.

பின்னால் எடுக்கும்போது கேமராவை மட்டும் நம்புவது அடுத்த தவறு. கேமரா நேர் பின்னால் இருப்பதைத்தான் காட்டும். இடது பின் சக்கரத்துக்கும் தாரின் விளிம்புக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்பதைக் காட்டாது. ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடது ஓரம் அவருக்குக் குருட்டுப் பக்கம். அதனால் ஒருவர் இறங்கி, இடது கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று சொல்ல வேண்டும். ஒரே ஒருவர். இரண்டு பேர் சொன்னால் ஒருவர் "வா வா" என்பார், இன்னொருவர் "நில்லு நில்லு" என்பார். சொல்கிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும், அவர் வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது.

செங்குத்து என்றால் மலை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் பாதையைப் பார்க்க வேண்டும். மலைச் சாலைகளைச் சரிவுக்கென்று ஒரு அளவு வைத்து வெட்டுகிறார்கள். இந்த இறக்கங்கள் பலவும் மாட்டு வண்டி போன தடத்தின் மேல் கான்கிரீட் கொட்டியவை. தூரம் குறைவுதான், ஆனால் சில இடங்களில் கொல்லிமலைச் சாலையில்கூட அந்தச் சரிவைப் பார்க்க முடியாது. நீளமான வண்டிக்கு இதில் மூன்று இடத்தில் அடி விழும். மேலே விளிம்பில் முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் கரையில் இருக்கும்போது நடு வயிறு தரையில் உட்காரும், தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் தொங்குவது அங்கேதான். கீழே போய்ச் சமமாகும் இடத்தில் முன் பம்பர் இடிக்கும், பின் சக்கரம் கீழே வரும்போது வால் உரசும். அதனால் முதலில் நடந்து இறங்கிப் பாருங்கள். தரையில் புதிய கீறல்கள் இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ வயிற்றை உரசியிருக்கிறார் என்று அர்த்தம். வயிறு தட்டுமென்று குறுக்கே சாய்வாக இறக்கப் பார்க்காதீர்கள், அது காருக்குச் சரிப்படும், தலைக்கனமான வண்டியைக் கவிழ்த்துவிடும். நேராக, முதல் கியரில், கிளட்சை மிதிக்காமல் இறக்க வேண்டும். நேராக இறக்க முடியாது என்றால் அந்தப் பாதை உங்கள் வண்டிக்கு இல்லை, மேலேயே நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு நடந்து போங்கள். ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் அடுத்த முயற்சி. இரண்டு நல்ல மரக்கட்டைகள் எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

பாலங்கள் இன்னொரு சிக்கல். டெல்டாவில் பழைய பாலங்கள் பலவும் தண்ணீரைப் பிரித்து விடக் கட்டிய ரெகுலேட்டர்கள், வண்டி போவது அதன் மேல் கிடைத்த வழி, அவ்வளவுதான். கல்லணையில் நின்று பார்த்தாலே அந்த ஒடுக்கம் புரியும். கரைச் சாலை இந்த மாதிரிப் பாலத்தில் பெரும்பாலும் செங்கோணத்தில் திரும்பும். கார் மாதிரி மூலையிலேயே ஒடித்தால் உள்பக்கப் பின் சக்கரம் குறுக்கே வெட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகும், வெளிப்பக்கம் வால் வீசிக் கைப்பிடிச் சுவரை அடிக்கும். முன்னால் நன்றாகப் போகவிட்டு, தாமதமாகத் திருப்ப வேண்டும், ஒரு தடவையில் வராவிட்டால் முன்னும் பின்னும் எடுத்து இரண்டு மூன்று தடவையில் திருப்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏசி, ஆன்டெனா எல்லாம் சேர்த்து வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப் பாலத்தில் எழுதியிருக்கிற உயரத்துக்கும் உங்கள் உயரத்துக்கும் வித்தியாசம் ஒரு சாண்தான் என்றால் போகாதீர்கள், பலகை எழுதிய பிறகு கீழே ஒரு அடுக்குத் தார் போட்டிருக்கலாம். மழை பெய்தால் அந்தப் பாலத்தில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. கல்லணைக் கால்வாய்க் கரையில் தேக்கு மரங்கள், மற்ற இடங்களில் மூங்கில் கொத்துகள் சாலை மேல் கவிந்திருக்கும். வயலுக்குக் குறுக்கே போகும் மின்கம்பி சில இடங்களில் தொய்ந்து தொங்கும், அதை மட்டும் கம்பு வைத்துத் தூக்கிவிடலாம் என்று கூரை மேல் ஏறாதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள் அல்லது திரும்பிப் போங்கள்.

மேப் காட்டுகிற குறுக்கு வழி பற்றி எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வெளியூரிலிருந்து கேரவனில் வருகிறவர்கள் நிறையப் பேர் நவக்கிரகக் கோயில்களுக்குத்தான் வருகிறார்கள். திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், சூரியனார்கோயில், திருவெண்காடு என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ஐந்து கிலோமீட்டர் மிச்சம் என்று மேப் ஒரு கரைச் சாலையைக் காட்டும். அது காருக்கும் பைக்குக்கும் பார்த்த வழி, உங்கள் வண்டியின் அகலமும் எடையும் அதற்குத் தெரியாது. பஸ் போகிற வழி எது என்று டீக்கடையில் கேளுங்கள். பஸ் போகிற வழியில் கேரவன் போகும், மற்ற வழியெல்லாம் சந்தேகம்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நின்றாலும் பரவாயில்லை, பெரிய சாலையிலேயே போங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 தண்ணீர் திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். சித்திரையில் காய்ந்து கிடந்த கரையைப் பார்த்துவிட்டு அதே தைரியத்தில் ஐப்பசி அடைமழையில் வராதீர்கள், அப்போது கரை மேல் ஓரம் முழுக்கச் சேறு. நடவு சமயத்தில் சேடை ஓட்டிவிட்டு, அதாவது வயலைச் சேறாக உழுதுவிட்டு, வரும் டிராக்டர் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு சாலையேறிக் களிமண்ணைக் கட்டி கட்டியாகப் போட்டுவிட்டுப் போகும், மேலே ஒரு தூறல் விழுந்தால் தார் வழுக்குப் பாறை. அறுவடையில் பாதிச் சாலையில் நெல் காயும். நெல் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் உருளும், தவிர அது ஒருவருடைய வருஷத்துச் சாப்பாடு, ஏற்றாதீர்கள். வைக்கோல் பரப்பியிருந்தால் அதைக் கடந்ததும் இறங்கி அடியில் பாருங்கள். சைலன்சரில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும், வண்டிக்குள் கேஸ் சிலிண்டர் வேறு இருக்கிறது. இருட்டிய பிறகு கரைச் சாலையே வேண்டாம், கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும்.

எடையைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீர்த் தொட்டி 200 லிட்டர் என்றால் 200 கிலோ. முழுக்க நிரப்பினால் அது அசையாது, காலியென்றால் எடையில்லை. பாதி நிரம்பிய தொட்டிதான் வளைவில் ஒரு பக்கமாக ஓடி வண்டியைத் தள்ளும். கரைச் சாலைக்கு முன்னால் காலி செய்துவிடுங்கள், இந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அப்புறம் லைசென்ஸ்: 7,500 கிலோ வரையுள்ள வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாம், வணிக வண்டிக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கார் மட்டும் ஓட்டிய ஒருவர் வாடகைக் கேரவனை எடுத்து நேராகக் கரைச் சாலைக்கு வரக் கூடாது. ஒரு காலி மைதானத்தில் கல்லை வைத்து, பின் சக்கரம் எங்கே வெட்டுகிறது, வால் எவ்வளவு வீசுகிறது என்று பழகுங்கள்.

இங்கிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. டெல்டா டிரைவர்களுக்கு நீண்ட இறக்கம் பழக்கமில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. ஏறுவது எளிது, இறங்கும்போது முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் வெறுமனே உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் பிடிக்கட்டும். பிரேக் தீய்ந்த வாடை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒடுக்கமான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது விதி.

இவ்வளவுக்குப் பிறகும் சக்கரம் இறங்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சுற்றச் சுற்றப் புதையும். எஞ்சினை அணைத்து, உள்ளே படுத்திருப்பவர்களையும் எழுப்பி, மேடான பக்கத்துக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்குங்கள். பொருளை எடுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. பக்கத்து ஊரில் சொன்னால் டிராக்டர் வரும். கயிற்றைச் சேசிஸில் இருக்கிற கொக்கியில் மாட்டி, பள்ளத்துக்கு எதிர்த் திசையில் சாய்வாக, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கயிறு அறுந்தால் வீசுகிற தூரத்தில் யாரும் நிற்க வேண்டாம். வண்டி ஏறியதும் அப்படியே கிளம்பிவிடாதீர்கள். உங்கள் சக்கரம் பிளந்த இடம் ஆற்றின் கரை, அடுத்த தண்ணீரில் உடைப்பு எடுப்பது இந்த மாதிரி ஓட்டையில்தான். மண்ணைத் தள்ளி மிதித்து மூடுங்கள், பெரிதாக இடிந்திருந்தால் ஊர்க்காரர்களிடம் இடத்தைக் காட்டி, நீர்வளத் துறைக்குத் தகவல் போனதா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.