குறைந்த செலவில் மைக் செட்: ஸ்பீக்கருக்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிறிய மண்டபத்துக்கோ பள்ளி விழாக்களுக்கோ சொந்தமாக மைக் செட் வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘இது எத்தனை வாட்?’ என்பதுதான். வாட் கணக்கு வேண்டியதுதான் என்றாலும், அது கடைசியில் போட வேண்டிய கணக்கு. கேட்பவர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள், ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் கொடுக்கிறது, அதன் ஓம் அளவு (மின்தடை) என்ன ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால், எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் தேவை என்பது தானாகவே வந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி வாங்குபவர்கள்தான் தேவைக்கு இரண்டு மடங்கு பணம் கொடுக்கிறார்கள்.

ஏறத்தாழ 200 பேர் அமரும் மண்டபம், மேடைப் பேச்சும் அளவான பாட்டும், இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள் என்று ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்பீக்கர் நிற்கும் இடத்திலிருந்து கடைசி நாற்காலி வரை அளந்து கொள்ளுங்கள். நம் மண்டபத்தில் அது 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 16 மீட்டருக்குள் நான்கு முறை இரட்டிக்கிறது என்பதால் இழப்பு 24 டெசிபல். நான்கு சுவர்களுக்குள் எதிரொலி சேர்ந்து இந்த இழப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் பேச்சைக் குழப்புவதும் அதே எதிரொலிதான் என்பதால், அதை நம்பிக் கணக்கைக் குறைக்க வேண்டாம்.

கடைசி வரிசையில் சராசரியாக 85 டெசிபல் கிடைத்தால், சலசலப்பைத் தாண்டிப் பேச்சு தெளிவாகக் கேட்கும். அப்படியானால் ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால் 109 டெசிபல் இருக்க வேண்டும். பேச்சிலும் பாட்டிலும் திடீரென எழும் உச்சங்கள் சராசரியைவிட 12 டெசிபல் வரை மேலே போகும் என்று கொண்டால், நமக்குத் தேவைப்படும் உச்சம் 121 டெசிபல்.

படி 2: சென்சிட்டிவிட்டி என்ற ஒரே எண்

ஸ்பீக்கரின் விவரத்தாளில், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஒரு வரி இருக்கும். சிக்கனமாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சென்சிட்டிவிட்டி 97 டெசிபல் உள்ள பெட்டி என்றால், 121 டெசிபலை எட்ட இன்னும் 24 டெசிபல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 250 வாட் போதும். அதே இடத்தில் 91 டெசிபல் உள்ள மலிவான பெட்டியை வைத்தால் 30 டெசிபல் வேண்டும். அதாவது 1000 வாட். அத்தனை வாட்டை அந்தப் பெட்டியின் ‘காயில்’ (ஸ்பீக்கர் தாளை ஆட்டும் கம்பிச்சுருள்) தாங்குமா என்பது வேறு கேள்வி. பெட்டியில் மிச்சம் பிடித்த பணம் ஆம்ப்ளிஃபயரில் போய்விடுகிறது என்பதால், கையில் இருக்கும் தொகையில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. இரண்டாவது பெட்டி சேரும்போது கிடைக்கும் கூடுதல் 3 டெசிபலைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பாக வைத்திருப்பது நல்லது.

ஒரு நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட் என்பதால், அதில் அச்சிட்ட எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 3: பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் வாட்

நல்ல நிறுவனங்கள் மூன்று எண்களைத் தருகின்றன. ஜேபிஎல் ஜேஆர்எக்ஸ் 215 பெட்டியை எடுத்துக்கொண்டால், தொடர்ச்சியாகத் தாங்குவது 250 வாட், புரோகிராம் (ஏற்ற இறக்கமுள்ள பாட்டுக்கு) 500 வாட், பீக் (கண நேர உச்சம்) 1000 வாட் என்றிருக்கும். ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது, சராசரியைவிட உச்சம் 6 டெசிபல் அதிகமுள்ள இரைச்சலை மணிக்கணக்கில் செலுத்திப் பார்ப்பார்கள்; 6 டெசிபல் என்பது நான்கு மடங்கு வாட் என்பதால்தான் பீக் எண் பெரும்பாலும் நான்கு மடங்காக இருக்கிறது. நாம் கணக்கில் எடுக்க வேண்டியது தொடர்ச்சி எண்ணை மட்டுமே. கடைப் பேச்சில் அதை ஆர்எம்எஸ் என்பார்கள்.

பெட்டியில் ‘1000 வாட்’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்து வேறு விவரம் எதுவும் இல்லையென்றால், அதைப் பீக் என்று கொண்டு நான்கால் வகுத்துவிடுங்கள். பிஎம்பிஓ (PMPO, விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய உச்ச வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

படி 4: ஓம் கணக்கு

ஆம்ப்ளிஃபயர் எரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும், ஒரு சேனலில் (ஸ்பீக்கர் மாட்டும் தனி வெளியீட்டில்) இத்தனை ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை உண்டு. சிக்கன விலையில் கிடைப்பவற்றில் அது பெரும்பாலும் 4 ஓம். ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்க்கச் சேர்க்க மொத்த ஓம் குறைந்துகொண்டே போகும். இரண்டு 8 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 4 ஓம், மூன்று சேர்ந்தால் ஏறத்தாழ 2.7 ஓம், நான்கு சேர்ந்தால் 2 ஓம். பெட்டியின் பின்னால் இரண்டு சாக்கெட்டுகள் இருப்பதைப் பார்த்து, ஒன்றிலிருந்து அடுத்த பெட்டிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த பெட்டிக்கு என்று மாட்டிக்கொண்டே போனால் அது பக்க இணைப்புதான். மூன்றாவது பெட்டியிலேயே நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

பழைய பெட்டியில் லேபிள் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் நேர்மின்னோட்டத்துக்கான தடையைத்தான் காட்டும் என்பதால் எண் சற்றுக் குறைவாகவே வரும்: 5.5 முதல் 7 வரை வந்தால் 8 ஓம் ஸ்பீக்கர், 3 முதல் 3.6 வரை வந்தால் 4 ஓம் ஸ்பீக்கர். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒயர் விட்டுப்போயிருக்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். கூம்புத் தாளின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி, சமமாக மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். ‘சரக் சரக்’ என்று உரசும் ஓசை கேட்டால் காயில் காந்தத்தில் உரசுகிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அதை வாங்காதீர்கள்.

படி 5: இப்போது ஆம்ப்ளிஃபயரின் வாட்

லிமிட்டர் (சிக்னல் எல்லை மீறாமல் அடக்கும் கருவி) இல்லாத அமைப்பில், ஸ்பீக்கரின் தொடர்ச்சி வாட்டுக்குச் சமமாகவோ அதிகபட்சம் ஒன்றரை மடங்காகவோ ஆம்ப்ளிஃபயர் இருக்கட்டும். லிமிட்டரும் பழகிய கையும் இருந்தால் இரண்டு மடங்கு வரை போகலாம். எந்த ஓமில் அந்த வாட் கிடைக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கிரவுன் எக்ஸ்எல்ஐ 1500, ஒரு சேனலுக்கு 8 ஓமில் 330 வாட்டும், 4 ஓமில் 450 வாட்டும் தருகிறது. மேலே சொன்ன 250 வாட் பெட்டியைச் சேனலுக்கு ஒன்றாக மாட்டினால் 330 வாட் சரியான பொருத்தம். சேனலுக்கு இரண்டாக மாட்டினால் 450 வாட்டைப் பங்கிட்டு ஆளுக்கு 225 வாட் கிடைக்கும், அதுவும் போதுமானதே. ஆனால் அதே ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் முறையில் (இரு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்து) போட்டால் 8 ஓமில் 900 வாட் வரும் என்பதால், ஒற்றைப் பெட்டியை அதில் மாட்டுவது பெட்டியைக் கொளுத்துவதற்குச் சமம். பிரிட்ஜில் குறைந்தபட்ச ஓம் எல்லையும் இரட்டிப்பாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர் தெரியாத ஆம்ப்ளிஃபயரில் ‘1000 + 1000 வாட்’ என்றிருந்தால், பின்புறத்து ஃபியூஸைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் சுவரிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கக் கூடியதே 690 வாட்தான். உள்ளே வராத மின்சாரம் வெளியே போகாது.

சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. சிறிய ஆம்ப்ளிஃபயர் தன் எல்லைக்குள் ஓடும்வரை எதற்கும் ஆபத்தில்லை. சத்தம் போதவில்லை என்று குமிழைத் திருகித் திருகி, சிவப்பு கிளிப் விளக்கு அணையாமல் எரியும்படி ஓட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. 250 வாட் ஆம்ப்ளிஃபயர் சாதாரணப் பாட்டில் சராசரியாக 16 வாட் அளவே தருகிறது. உச்சங்கள் வெட்டுப்பட்டு அலை சதுர வடிவை நெருங்கும்போது, அந்தச் சராசரி பல மடங்கு ஏறி, முழுச் சதுரமானால் 500 வாட்டையே தொடும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்களும் கூடுவதால், முதலில் போவது சில பத்து வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டர்தான் (கீச்சொலிக்கான சிறிய ஸ்பீக்கர்).

கிராமத்துத் திருவிழாக்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீண்ட ஒயரில் இழுத்த மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 190 வோல்ட்டுக்கு இறங்கினால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயரின் வாட் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். பகலில் சரியாக இருந்த செட் மாலையில் விளக்குகள் எரிந்ததும் கரகரப்பதற்கு இது ஒரு காரணம்.

கூம்பு ஒலிபெருக்கி என்றால் கணக்கு வேறு

மரத்திலும் கம்பத்திலும் கட்டும் கூம்புகளுக்குப் பெரும்பாலும் 100 வோல்ட் லைன் முறைதான் பயன்படுகிறது. இங்கே ஓம் கணக்கு தேவையில்லை. ஒவ்வொரு கூம்பின் லைன் டிரான்ஸ்ஃபார்மரிலும் தேர்ந்தெடுத்த வாட்டைக் கூட்டினால் போதும். 250 வாட் ஆம்ப்ளிஃபயரில் 30 வாட் கூம்புகள் ஆறு மாட்டினால் 180 வாட். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் விட வேண்டும் என்ற வழக்கத்துக்குள் அது அடங்குகிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 250 வாட் அனுப்ப ஏறத்தாழ 8 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட்டில் அதே 250 வாட்டுக்கு 2.5 ஆம்பியர் போதும் என்பதால்தான் தெருக்கோடி வரை மெல்லிய ஒயரிலேயே இழுக்க முடிகிறது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் பெட்டியை 100 வோல்ட் முனையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். ஒரே ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் முனையையும் 8 ஓம் முனையையும் சேர்த்துப் பயன்படுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள். அந்த முனைகளில் கை பட்டால் அதிர்ச்சி தாக்கும் என்பதால், இணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும்.

படி 6: ஒயர்

ஸ்பீக்கர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் மின்சாரம் போய்வரும் பாதை 40 மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அதன் தடை ஏறத்தாழ ஓர் ஓம். 4 ஓம் சுமைக்கு முன்னால் ஓர் ஓம் நின்றால், ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் வாட் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் அந்தத் தடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. வீட்டு வயரிங்குக்கு விற்கும் வளையும் தன்மையுள்ள செம்பு ஒயரே போதும். ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று விலை கூட்டி விற்பதை வாங்கத் தேவையில்லை. முனைக்கு ஸ்பீக்கான் பூட்டு இணைப்பு கிடைத்தால் அதையே போடுங்கள். கால் அங்குல ஜாக்கைச் செருகும்போது ஒரு கணம் இரு முனைகளும் ஷார்ட் ஆகக் கூடும்.

படி 7: துருவமும் அளவும்

இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றின் ஒயர் மாறியிருந்தால், ஒன்றின் தாள் முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போய், நடுவில் அமர்ந்திருப்பவருக்குக் கனமான ஒலி காணாமல் போய்விடும். இதைச் சோதிக்க 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் பிளஸ் முனையில் பேட்டரியின் பிளஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொட்டால், பெரிய ஸ்பீக்கரின் தாள் ‘டப்’ என்று முன்னே வர வேண்டும். உள்ளே இழுத்தால் ஒயரை மாற்றிப் போடுங்கள். ட்வீட்டரைத் தனியே கழற்றி இப்படிச் சோதிக்கக் கூடாது.

பிறகு மிக்ஸரை முதலிலும் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியிலும் போடுங்கள். அணைக்கும்போது வரிசையை மாற்றுங்கள். தனியாக சப்வூஃபர் (அடித்தள ஒலிக்கான ஸ்பீக்கர்) இல்லாவிட்டால், பேச்சு மைக்குகளின் லோ கட் பொத்தானை அழுத்தி வையுங்கள். பெட்டியால் தர முடியாத அடித்தள அதிர்வுகள் காயிலை வீணாக ஆட்டுவது அதனால் குறையும். ஆம்ப்ளிஃபயர் குமிழ்களை முழுவதும் குறைத்துவிட்டு, மிக்ஸரில் பாட்டைப் போட்டு மீட்டர் 0 டெசிபல் குறியைத் தொடும்படி வைத்து, அதன் பின் குமிழை மெல்ல ஏற்றுங்கள். கிளிப் விளக்கு உச்சங்களில் மட்டும் கண் சிமிட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றுக் கீழே இறக்கி நிறுத்துங்கள்.

குமிழைப் பாதியில் வைத்தால் ஆம்ப்ளிஃபயரின் வாட் பாதியாகிவிடும் என்று நம்பிப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்காதீர்கள். அந்தக் குமிழ் உள்ளே வரும் சிக்னலை மட்டுமே குறைக்கிறது. மிக்ஸரில் ஒருவர் ஏற்றிவிட்டால் முழு வாட்டும் வெளியே வரும். நிகழ்ச்சிக்கு முன்பே அரை மணி நேரம் இதே அளவில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் காற்றுத் துளைகளின் முன் கையை வைத்துப் பாருங்கள். இதமான சூடு இயல்பானது. கை வைக்க முடியாத சூடோ, வெப்பத்தால் தானாக நிற்பதோ ஏற்பட்டால், படி 4-க்குப் போய் அந்தச் சேனலில் எத்தனை ஓம் தொங்குகிறது என்று மறுபடி எண்ணிப் பாருங்கள்.