பழைய ஸ்கூபா சிலிண்டர் வாங்கும் முன்

நீருக்கடியில் மூழ்குபவர்கள் சுவாசிக்கக் காற்றை அடைத்துச் செல்லும் ஸ்கூபா சிலிண்டரைப் பழையதாக வாங்க விலை பேசுவதற்கு முன்னால், அதன் தோள்பகுதியில், அதாவது கழுத்துக்குக் கீழே வளையும் இடத்தில், குத்தப்பட்டிருக்கும் எழுத்துகளைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் நிதானமாகப் படியுங்கள். தயாரிப்புக் காலத்தில் நடந்த முதல் சோதனையின் மாதமும் ஆண்டும், அதன்பின் நடந்த நீரழுத்தச் சோதனைகளின் (நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சிலிண்டரின் உறுதியைப் பார்ப்பது) தேதிகளும் அங்கேயே பதிந்திருக்கும். அமெரிக்காவில் இச்சோதனை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவை. கெடு முடிந்த சிலிண்டரில் பொறுப்பான எவரும் காற்று நிரப்பமாட்டார்கள் என்பதால், சோதனைச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

எஃகு சிலிண்டரின் ஆயுளை அதன் வயதைவிட உட்புறத்தின் நிலையே தீர்மானிக்கிறது. உள்ளே ஈரமின்றிப் பேணப்பட்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் சோதனையில் தேறுவதுண்டு. உப்புநீர் தங்கியதோ சில மாதங்களிலேயே துருவேறிக் குழிவிழுந்துவிடும். அடியிலுள்ள ரப்பர் உறையைக் கழற்றிப் பார்க்கத் தயங்காதீர்கள், ஏனெனில் வெளிப்புற அரிப்பு பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

அலுமினிய சிலிண்டரில் கூடுதல் கவனம் தேவை. 1980களின் இறுதிவரை பரவலாகப் பயன்பட்ட 6351 என்ற உலோகக் கலவையில், கழுத்தின் மரைப்பகுதியில் மெல்ல விரிசல் விழும் குறை உண்டு. நிரப்பும்போது வெடித்து ஆட்களைக் காயப்படுத்தியவையும் இவற்றில் இருக்கின்றன. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இவ்வகையைத் தவிர்க்கவே சொல்வேன். சூளையில் சூடேற்றி வண்ணம் பூசப்பட்டதையும் வாங்காதீர்கள், அதிக வெப்பம் அலுமினியத்தின் வலிமையைக் குறைத்துவிடும். வால்வை நீங்களே கழற்ற முயலாமல், பயிற்சி பெற்ற பரிசோதகரிடம் கொடுத்து உட்புறத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.