வெள்ளம் புகுந்த அலுவலகக் கட்டடம்: எதை முதலில் செய்வது, எதைப் பொறுத்துச் செய்வது

வெள்ளம் வடிந்துவிட்டால் சேதம் நின்றுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். நனைந்த ஜிப்சம் பலகை, கார்பெட், ஃபால்ஸ் சீலிங் ஓடு எல்லாவற்றிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். அதனால் வேகம் வேண்டும். ஆனால் வரிசை மாறிய வேகம் ஆளைக் கொல்லும், சுவரையும் சாய்க்கும்.

மின்சாரம்

மெயின் சுவிட்ச் அறையில் தண்ணீர் நின்றால் அதை அணைக்க யாரும் உள்ளே போகக் கூடாது. மின் விநியோக நிறுவனத்திடம் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்த பிறகும் யுபிஎஸ் பேட்டரி, சோலார் பேனல், தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் மூன்றிலும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகத் துண்டித்து, பூட்டி, ‘இயக்காதீர்கள்’ என்று சீட்டுத் தொங்கவிட வேண்டும். வணிகக் கட்டடங்களில் மறக்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

தண்ணீரில் மூழ்கிய பிரேக்கரையும் ஃபியூஸையும் காயவைத்து மறுபடி மாட்டாதீர்கள். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே படிந்த சேறும் துருவும் தேவைப்படும் நேரத்தில் பிரேக்கரை ‘டிரிப்’ ஆகவிடாது, அதாவது மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படாது. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். பெரிய மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றைத் தகுதியுள்ளவர்கள் சோதித்துச் சீரமைக்க முடியும்.

பேஸ்மென்ட்

இறங்குவதற்கு முன், காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு காட்டினாலோ யாரும் இறங்கக் கூடாது. கழிவுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ஆகவே மூக்கை நம்ப முடியாது.

அடுத்தது பம்ப். ஒரே நாளில் முழுவதும் இறைத்துவிடத் துடிப்பது பெரிய தவறு. வெளியே ஊறிக் கிடக்கும் மண் சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது. உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்ப்பாக நிற்கிறது. அதைச் சட்டென்று எடுத்தால் சுவர் உள்ளே வளையலாம், தரை மேலெழும்பி வெடிக்கலாம். முதலில் சுமார் 30 செ.மீ. மட்டும் இறைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்து, ஒரு இரவு விடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளியே நிலத்தடி நீர் இன்னும் இறங்கவில்லை. பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஏறாவிட்டால் நாளொன்றுக்கு 60 முதல் 90 செ.மீ. வரை இறைத்து, தினமும் அதே சோதனையைச் செய்யுங்கள்.

எஞ்சின் பம்ப், ஜெனரேட்டர் எதையும் கட்டடத்துக்குள்ளோ கார் நிறுத்தும் தளத்திலோ ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். தண்ணீரில் டீசல் மிதந்தால் அதை வடிகாலில் விடாமல், எண்ணெய்க் கழிவை எடுப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

அகற்றுதல்

எதையும் உடைப்பதற்கு முன் படம் எடுங்கள்: நீர்க்கோடு (தண்ணீர் ஏறி நின்ற மட்டம் சுவரில் விட்ட தடம்), ஒவ்வொரு அறை, ஒவ்வொரு கருவியின் வரிசை எண். கார்பெட்டிலும் பலகையிலும் ஒரு துண்டு வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டுக்கு இவைதான் சாட்சி.

பழைய கட்டடமானால் இன்னொரு சோதனை உண்டு. குழாய் உறை, வினைல் தரை ஓடு, கூரைத் தகடு இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; உடைத்தால் பறக்கும் அதன் இழை நுரையீரலைக் கெடுக்கும். மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை அந்தப் பகுதியில் ரம்பமோ சுத்தியலோ படக் கூடாது.

ஜிப்சம் பலகை தண்ணீரை மேலே உறிஞ்சும். அதனால் நீர்க்கோட்டோடு வெட்டி நிறுத்தினால் போதாது. அதற்கு மேலும் 30 முதல் 60 செ.மீ. வரை வெட்டி, ஈரப்பத மீட்டரால் மீதியைச் சோதியுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிப் பஞ்சு, சுவரின் அடியில் ஓடும் பட்டையான நனைந்த ஸ்கர்ட்டிங் எல்லாம் வெளியே போக வேண்டும். கழிவுநீர் கலந்திருந்தால் கார்பெட்டையும் குஷன் நாற்காலியையும் காப்பாற்ற நினைக்கவே வேண்டாம். தெருவெள்ளம் என்றாலே கழிவுநீர் கலந்தது என்றுதான் கொள்ள வேண்டும். வேலை செய்பவர்களுக்கு ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, என்-95 முகக்கவசம் கட்டாயம்.

நனைந்த ஆவணங்களை அன்றே உலர்த்த முடியாவிட்டால் பையில் போட்டு உறையவையுங்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. நிதானமாகப் பிறகு உலர்த்தலாம். வழவழப்பான தாள் ஈரத்தோடு காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, அதனால் அதற்கே முதலிடம்.

கழுவுதல்

சேற்றின் மேல் பிளீச் ஊற்றுவது வீண். அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகுதான் கிருமிநாசினி. வீட்டு உபயோக பிளீச் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 240 மி.லி.க்கு மேல் கலக்க வேண்டாம். அம்மோனியாவோடும் ஆசிட் கழிப்பறைத் திரவத்தோடும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

உலர்த்துதல்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட வறண்டிருந்தால் ஜன்னலைத் திறங்கள். மழைக்காலப் புழுக்கமாக இருந்தால் எல்லாவற்றையும் மூடி, டீஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) ஓட்டி, காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து டீஹியூமிடிஃபையர் ஓட்டினால் அது ஊரின் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். சுவரோரமாக 3 முதல் 5 மீட்டருக்கு ஒரு மின்விசிறியைச் சாய்வாக வையுங்கள். ஆனால் ஏற்கெனவே பூஞ்சை தெரிந்தால் விசிறியைப் போடாதீர்கள். வித்துகள் மாடி முழுக்கப் பரவும். அந்த இடத்தைப் பாலித்தீன் திரையால் அடைத்து, முதலில் பூஞ்சையை அகற்றுங்கள். சென்ட்ரல் ஏசியையும் அதன் காற்று ஓடும் டக்டுகள் சுத்தமாகும்வரை இயக்கக் கூடாது.

எப்போது போதும்? தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. நனையாத மாடியில் அதே வகைச் சுவரிலும் மரத்திலும் மீட்டர் என்ன காட்டுகிறதோ, அதுதான் இலக்கு. தினமும் ஒரே இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். மூன்று நாளாக எண் குறையவில்லை என்றால் எங்கோ மறைவான ஈரம் இருக்கிறது: லிஃப்ட் குழி, பலகைக்குப் பின்புறம், தரை ஓட்டுக்கு அடியில் தேடுங்கள். கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். வாடகைதாரர் அவசரப்படுத்துகிறார் என்று ஈரக் கான்கிரீட் மேல் வினைல் ஒட்டினால் பசை விட்டுக் கொப்புளம் போடும். பெயிண்ட் அடித்தால் உரியும், உள்ளே பூஞ்சை வளரும். அந்த அழுத்தத்துக்கு இணங்காதீர்கள்.

திறப்பதற்கு முன்

தீ எச்சரிக்கைக் கருவியும் ஸ்பிரிங்க்ளரும் சோதித்து இயங்கும்வரை, எங்காவது தீ பிடிக்கிறதா என்று பார்க்க ஆள் வைத்து மாடிமாடியாகச் சுற்றிவரச் சொல்லுங்கள். பல நாள் தேங்கிய குழாய் நீரில் நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா கிருமி பெருகியிருக்கலாம். நீர்த்தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய நீரை ஓடவிடுங்கள். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரி செல்சியஸுக்கு வையுங்கள். கூலிங் டவரைச் சுத்தம் செய்து கிருமிநீக்கம் செய்த பிறகே ஏசியை ஓட்டுங்கள்.